கூழைக்கடாவின் முழங்கை

கூழைக்கடாவுக்கு முழங்கை முளைத்திருந்தது.

காலையில் கார்ட்டூன் காட்சியைச் சின்னத் திரையறையில் போட்டுப் பார்த்தபோது இர்வ் அதைப் பிடித்துவிட்டார். பறவையின் இடது இறக்கைக்குப் பின்னால் பச்சையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. கண் சிமிட்டுவதற்குள் ஓடிப்போகிற காட்சி அது. அறையில் வேறு யாரும் கவனிக்கவில்லை. இர்வ் இந்தத் தொழிலிலேயே நரைத்தவர். கார்ட்டூன் ஈயின் காலில் ஒரு முடி குறைந்தாலும் தூக்கம் வராது அவருக்கு. தாள் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வழியில் யாருடைய பெட்டியிலிருந்தோ ஒரு டோனட்டையும் எடுத்துக்கொண்டு, நேராக டார்லீனின் மேசைக்கு வந்தார்.

"பறவைக்கு முழங்கை கெடையாது, டார்லீன்."

"தெரியும்."

"இதுக்கு இருக்கு. பச்சையா இருக்கு."

"கோடு கொஞ்சம் நழுவிருக்கும்."

"உனக்குக் கோடு நழுவி நான் பாத்ததே இல்ல," என்றார் இர்வ். வியாழக்கிழமைக்குள் சரிசெய்யச் சொல்லிவிட்டு, கம்பளிச் சட்டையில் சர்க்கரைத் தூளோடு போய்விட்டார்.

கோடு நழுவவில்லை. டார்லீன் வேண்டுமென்றேதான் விட்டிருந்தாள். அது அவளுடைய கணவரின் முழங்கை.

பர்பாங்க்கில், விரைவுச்சாலையை ஒட்டிய அந்த இரண்டு மாடிக் கட்டடத்தில் ஜன்னல்களே கிடையாது. படம் வரைகிறவர்களுக்கு வெயில் ஆகாது என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் சாய்ந்த கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் விளக்கு. நடுப்பகலிலும் அந்தக் கூடத்தில் எல்லா முகங்களுக்கும் வெளிச்சம் கீழேயிருந்துதான் வரும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் ஒருவரை ஒருவர் பார்த்துத் திடுக்கிடுவார்கள். பிறகு பழகிவிடும்.

எடுத்துக்கொண்டிருந்த படம் குடும்பத்தோடு பார்க்கிற விளையாட்டுப் படம். பழைய கூடைப்பந்து ஆட்டக்காரர் ஒருவர். அவரை எல்லோரும் கைவிட்டுவிடுகிறார்கள். சின்ன வயதில் அவர் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்த கார்ட்டூன் மிருகங்கள் ஒருநாள் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து இறங்கி வந்து, அவருக்காகவும் அவர் மகளுக்காகவும் ஆடுகின்றன. பாதி உயிருள்ள மனிதர்கள், பாதி வரைந்தவை. மனிதர்கள் பச்சை வண்ணம் அடித்த வெற்று ஆடுகளத்தில் ஆடினார்கள். மிருகம் பந்தைப் பிடிக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்பார். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பச்சை உடுப்பு. முகமும் மூடியிருக்கும்.

எடுத்த படத்தின் ஒவ்வொரு கட்டமும் தாளில் அச்சாகி மாடிக்கு வரும். அந்தத் தாளைக் கண்ணாடியில் பொருத்தி, மேலே வெற்றுத்தாள் வைத்து, பச்சை ஆளின்மேல் மிருகத்தை வரையவேண்டும். பிறகு அவரைச் சுற்றி ஒரு கோடு. கோட்டுக்கு உள்ளே இருப்பதைக் கீழே கணினி அறைக்காரர்கள் அழித்துவிடுவார்கள். வேலை சுத்தமாக இருந்தால், அப்படி ஓர் ஆள் அங்கே நின்றதே இல்லை.

கூழைக்கடாவின் இடத்தில் நின்றவர் நார்பர்ட்.

நார்பர்ட் நகைச்சுவை நடிகர். மெத்தை விளம்பரத்தில் குறட்டை விட்டிருக்கிறார். உணவு விடுதி நாடகங்களில் படியிலிருந்து உருண்டு விழுந்திருக்கிறார். அறுபது வயதானதும் யாரும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். டார்லீன்தான் சொல்லவேண்டியவர்களிடம் சொல்லி இந்தப் பச்சை உடுப்பு வேலையை வாங்கிக்கொடுத்தாள். முதல் நாள் காதுமடலில் பச்சைச் சாயத்தோடும் முழங்காலில் பனிக்கட்டிப் பையோடும் வந்து சோபாவில் விழுந்தார். மறுநாளிலிருந்து பழகிப்போயிற்று. காதுகூடச் சுத்தமாக இருந்தது. இன்றைக்கு எப்படி என்று அவள் கேட்டால், படப்பிடிப்பு முடிகிறவரை ஒரே பதில்தான்: "இன்னைக்கும் எல்லாரையும் சிரிக்க வெச்சேன்."

மார்ச்சில் படப்பிடிப்பு முடிந்தது. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காரைக் கழுவ எடுத்துப் போனார். கழுவும் கூடத்துக்குள் கார் ஒரு பக்கம் போய், சோப்பும் தூரிகைகளும் தாண்டி, மறுபக்கம் பளபளவென்று வெளியே வந்தது. நார்பர்ட் ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே இறந்துபோயிருந்தார். பின்னால் நின்ற வண்டிக்காரர் வெகுநேரம் ஹார்ன் அடித்திருக்கிறார்.

கோடையில் அந்தக் காட்சியின் தாள் கட்டு டார்லீனிடம் வந்தது. கூழைக்கடா வருகிற மற்ற காட்சிகளில் எல்லாம் பறவை கேமராவை ஒட்டி நிற்கும். அங்கே பந்தும் இல்லை, ஆளும் தேவையில்லை, வெற்றிடம்தான். இந்த ஒரே காட்சியில்தான் பறவை ஆடுகளத்தின் தூரக் கோடியில் நின்று பந்தைப் பிடிக்கிறது. ஆகவே இந்த ஒன்றில்தான் அவர் இருந்தார். முதல் தாளிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகம் இல்லை, கண் இல்லை. அதனால் என்ன? இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. உடம்பு பாரத்தை ஒற்றைக் காலில் போட்டு, வராத பேருந்துக்குக் காத்திருப்பவர்போல் நின்றிருந்தார். இத்தனை வருடம் பக்கத்தில் நடந்தவளுக்குத் தோள் போதாதா?

வேலையை ஒழுங்காகச் செய்தால் அவர் அழிந்துபோவார். காட்சியையே வெட்டிவிட்டாலும் அவர் இல்லை. அவள் கேட்டது அதிகமில்லை. ஒரு முழங்கை. ஊர் உலகமெல்லாம் சோளப்பொரி தின்றுகொண்டே பார்க்கப்போகிற படத்தில், யாருக்கும் தெரியாமல் ஓர் ஓரத்தில் அவர் கொஞ்சம் இருக்கட்டும் என்றுதான்.

வியாழக்கிழமை முழங்கையை அழித்தாள். ஆனால் பறவையை வேறு மாதிரி வரைந்தாள். இறக்கை அடித்துத் துள்ளிக்கொண்டிருந்த கூழைக்கடாவை அடக்கி, இடது தோளைத் தாழ்த்தி, ஒற்றைக் காலில் நிறுத்தினாள். பச்சை ஆள் எப்படி நின்றாரோ அப்படியே.

இர்வ் அதைத் திரையில் பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். பந்து ஆட வந்த பறவை மாதிரி இல்லை, ரத்தப் பரிசோதனை முடிவு வாங்க வந்த பறவை மாதிரி இருக்கிறது என்றார். மறுபடி ஓட்டச் சொன்னார். பறவை அடங்கி நின்றதும், இதுவரை யாரும் கவனிக்காத இன்னொன்று தெரியத் தொடங்கியது.

"இவங்க யாருமே பறவையப் பாக்கலயே," என்றார்.

உண்மைதான். அப்பா ஆட்டக்காரராக நடித்தவர், மகளாக நடித்த பெண், பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஆனால் ஒரு கண்கூடக் கூழைக்கடாவின் பக்கம் இல்லை. எல்லாம் அதைத் தாண்டி, திரைக்கு வெளியே எங்கேயோ இருந்தன.

"அப்ப எதைப் பாத்து இப்படிச் சிரிக்கறாங்க?"

படம் காட்டும் கருவி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

டார்லீன் மேசைக்கு வந்து அளவுகோலையும் சிவப்புப் பென்சிலையும் எடுத்தாள். ஒவ்வொரு முகத்திலும் கண்மணியிலிருந்து பார்வை போகிற திசையில் ஒரு கோடு. கோடுகள் தாளின் விளிம்பைத் தாண்டின. கண்ணாடியில் தொடர்ந்தாள். கண்ணாடியின் விளிம்பையும் தாண்டின. எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் சேர்ந்தன. அந்தப் புள்ளி அவள் சட்டையின் மூன்றாவது பொத்தானில் இருந்தது.

நாற்காலியை இடப்பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டு அடுத்தடுத்த தாள்களை எடுத்தாள். புள்ளி நகர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அதுவும் இடப்பக்கம் வந்தது. நின்றது. சட்டென்று தாழ்ந்து, மறுபடி உயர்ந்தது. சிரிக்கிற அந்த முகங்களுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று நடந்துகொண்டும் குனிந்துகொண்டும் இருந்தது. பச்சை ஆளோ தூரத்தில், யாரும் பார்க்காமல், தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தார். அங்கே அவர் இல்லவே இல்லை என்பதுபோல. ஏப்ரலில் நடக்கப்போவது பிப்ரவரியிலேயே அவர்களுக்குத் தெரிந்திருந்ததுபோல.

"என்னையாவது பாரு, நார்ப்," என்றாள் மெதுவாக.

தாள்களை விரல் நுனியில் படபடவென்று புரட்டினாள். பச்சைத் தலை மெல்லத் திரும்பியது. முகமில்லாத முகம் நேராக அவளை நோக்கி நின்றது.

அவள் கட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

பக்கத்து மேசை டியோ வந்து தாள்களைப் பொறுக்கிக் கொடுத்தான். டியோ மணிலாவுக்கு வடக்கே ஏதோ ஊரிலிருந்து வந்தவன். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அந்தப் பச்சை ஆள் யார் என்று அவனிடம் மட்டும் அவள் சொல்லியிருந்தாள். இப்போது சிவப்புக் கோடுகளையும் காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான்.

மறுநாள் காலையில் அவள் மேசையின் மூலையில் ஒரு சின்னத் தட்டு இருந்தது. வாழையிலைத் துண்டின்மேல் தேங்காய் போட்ட அரிசிப் பண்டம்.

"யாருக்குடா இது?"

"உங்களுக்கு இல்லக்கா. எங்க ஊர்ல இப்படி வெப்போம். செத்தும் பசியோட சுத்தறவங்களுக்கு."

மதிய உணவுக்குப் போய்விட்டு வந்து பார்த்தார்கள். தட்டு காலியாக இருந்தது. இலை ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. டார்லீனுக்குக் கழுத்துப் பின்னால் சில்லென்றது. டியோ நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டான்.

இர்வ் வாயைத் துடைத்தபடி அந்த வழியே வந்து, அந்தத் தேங்காய்ப் பண்டம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்து என்ன செய்வது என்று டார்லீன் தனக்குத் தெரிந்த வழியில் யோசித்தாள். அவர்கள் பறவையைப் பார்க்கவில்லை என்றால், அவர்கள் பார்க்கிற இடத்துக்குப் பறவையைக் கொண்டுபோனால் ஆயிற்று. கூழைக்கடாவை ஓரத்துக்கு நகர்த்தி வரைந்தாள். பார்வைகள் பொருந்திவிட்டன. ஆனால் பந்தைப் பிடித்தவர் பச்சை ஆள். அவரை அழித்துவிட்டதால், பறந்து வந்த பந்து ஆடுகளத்தின் மறுகோடியில் யாரும் தொடாமல் காற்றில் நின்றது. கொஞ்சநேரம் அங்கேயே யோசித்தது. பிறகு தானாகத் திரும்பிப் போயிற்று. பார்த்தவர்கள் யாரும் அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

சரி, பந்து அங்கே, பார்வை இங்கே. கூழைக்கடாவுக்குத்தான் கழுத்து இருக்கிறதே? உடம்பைப் பழைய இடத்திலேயே, தாழ்ந்த தோளோடு நிறுத்தினாள். கழுத்தை நீட்டினாள். ஆடுகளத்தின் குறுக்கே, தீயணைப்புக்காரர்களின் குழாய்போல, நீட்டிக்கொண்டே வந்தாள். எல்லோரும் பார்க்கிற புள்ளிக்குத் தலை வந்து சேர்ந்தது. தாள்மேல் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. இர்வ்கூடச் சிரித்தார்.

அன்றைக்கென்று தயாரிப்புப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். முத்துமாலை போட்டு, கையில் காபிக் கோப்பையோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது.

தூரத்தில் ஒரு பறவை ஒற்றைக் காலில் பந்தைப் பிடித்தது. அதன் கழுத்து நீளத் தொடங்கியது. மனிதர்களின் தலைகளுக்கு மேலாக, அவசரமில்லாமல், நெளிந்து நெளிந்து வந்தது. எல்லோரும் பார்த்த புள்ளி கேமராவுக்குப் பக்கத்தில் அல்லவா? ஆகவே அந்தத் தலை திரையை நோக்கி வந்தது. வரவரப் பெரிதாகியது. கடைசியில் திரை முழுவதும் ஒரு கண்ணும் பாதி அலகும்தான் இருந்தன. அந்தக் கண் முன்வரிசையைப் பார்த்தது. பின்னால் திரையிலிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"விளக்கைப் போடுங்க," என்றார் அந்த அம்மாள்.

காபி அவர் மடியில் இருந்தது. குழந்தைகள் பார்க்கவேண்டிய படம் என்று நினைவுபடுத்தினார். வெள்ளிக்கிழமைக்குள் காட்சி சரியாகாவிட்டால் வெட்டி எறிந்துவிடலாம், கதைக்கு ஒன்றும் குறையாது என்றார்.

கதைக்குக் குறையாதுதான். டார்லீன் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள். இருக்கிற ஒரே காட்சி இது. இதுவும் போய்விட்டால், முப்பது வருடம் ஜனங்களைச் சிரிக்க வைத்த மனிதனுக்கு மிஞ்சுவது ஒரு மெத்தை விளம்பரம்தான். அதையும் யாரும் இப்போது போடுவதில்லை.

வழி சொன்னவன் டியோ. தயங்கித் தயங்கித்தான் சொன்னான். "பறவையையும் நகத்த முடியாது, பந்தையும் நகத்த முடியாது. கண்ணை நகத்தலாங்க்கா."

கண்மணி என்பது சின்னக் கறுப்புப் புள்ளி. பழைய புள்ளியை மூடிவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் புதிதாக ஒன்று வைத்தால் பார்வை திரும்பிவிடும். எங்கே வைக்கவேண்டும் என்று தாளில் குறித்துக் கொடுத்தால் கணினி அறைக்காரர்கள் அப்படியே செய்துவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு முகத்துக்கும் குறிக்கவேண்டும். டார்லீன் குறித்தாள். அப்பாவின் கண்களைத் திருப்பினாள். மகளின் கண்களைத் திருப்பினாள். பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் திருப்பினாள். ஒரு ஜோடி கண் திரும்பும்போதெல்லாம், தனக்கு எதிரே இதுவரை நின்றுகொண்டிருந்த யாரோ ஓர் அடி பின்னால் போவதுபோல் அவளுக்குத் தோன்றியது. குளிர்சாதனம் அதிகமாக இருக்கிறது என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பச்சை ஆளைச் சுற்றி ஒழுங்காகக் கோடு போட்டாள். முழங்கை வெளியே தெரியவில்லை. ஒரு விரல்கூட இல்லை. மேலே கூழைக்கடாவை மறுபடி இறக்கை அடிக்க விட்டாள். இடது தோளை மட்டும் தாழ்வாகவே வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை இர்வ் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். "இப்பத்தான் எல்லாரும் அதைப் பாக்கறாங்க," என்றார். தோளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போகும்போது அவள் மேசையில் ஒரு டோனட்டை வைத்துவிட்டுப் போனார். இர்வ் டோனட் கொடுத்து அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை.

படம் வெளியாவதற்கு முந்தைய வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கிளெண்டேலில் ஒரு திரையரங்கைப் பிடித்து வேலை செய்த எல்லோருக்கும் குடும்பத்தோடு போட்டுக் காட்டினார்கள். டார்லீன் கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துக்கொண்டாள். படம் ஓடியது. தூரக் கோடியில் கூழைக்கடா பந்தைப் பிடித்தது. திரையில் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அரங்கமும் சிரித்தது. அவள் அந்தத் தாழ்ந்த தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் என்றிருந்தது.

படம் முடிந்து விளக்குகள் வந்தன. ஜனங்கள் எழுந்து வாசலை நோக்கி நகர்ந்தார்கள்.

அவளுக்கு நான்கைந்து பேர் முன்னால், கட்டம் போட்ட சட்டையில் ஒரு முதுகு போய்க்கொண்டிருந்தது. அதன் இடது தோள் தாழ்ந்திருந்தது.

கூட்டம் வாசலில் தேங்கியது. அந்த முதுகும் நின்றது. பாரத்தை ஒற்றைக் காலில் போட்டுக்கொண்டு, வராத பேருந்துக்குக் காத்திருப்பதுபோல் நின்றது. தாள் தாளாக அவள் வரைந்த முதுகு அது. அந்தத் தோள்பட்டை எங்கே வளைந்து எங்கே இறங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே கோடு போடுவாள். இர்வின் காலை மிதித்து, யாருடைய சோளப்பொரியையோ தட்டிவிட்டு, கூட்டத்துக்குள் புகுந்து போனாள்.

"நார்ப்."

முதுகு திரும்பியது. வட்ட முகம், தொங்கு மீசை. நாற்பது வயதுக்கு மேல் இராது. எதையோ மென்றுகொண்டிருந்தார். அந்த முகத்தை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

மன்னிக்கவேண்டும், ஆள் மாறிவிட்டது, தோளைப் பார்த்து ஏமாந்துவிட்டேன் என்று ஏதோ உளறினாள்.

"எந்தத் தோளு, கூழைக்கடாத் தோளா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பரவால்லயே. அந்தப் பச்சைச் சட்டைக்குள்ள நின்னது நான்தாங்க. என் பேரு ராய். எம் பொண்டாட்டியே கண்டுபுடிக்கல, நீங்க எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

அது நார்பர்ட் குபியாக் என்றாள் டார்லீன். அந்தப் பச்சைச் சட்டை என் கணவருடையது என்றாள்.

ராய் மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"நார்பர்ட் வீட்டம்மாவா நீங்க? அவரு மொத நாள் மட்டுந்தாங்க அதைப் போட்டாரு. வந்த பந்தெல்லாம் மூஞ்சியிலயே வாங்கினாரு, முட்டி வேற போயிடுச்சு. வீட்டுக்கு அனுப்ப யாருக்கும் மனசு வரல. கேமரா பக்கத்துல நின்னு சேட்டை பண்ணுங்க, நடிக்கறவங்களுக்குச் சிரிப்பு வரட்டும்னு விட்டுட்டாங்க." தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "படம் பூரா எல்லாரும் அவரைப் பாத்துத்தாம்மா சிரிக்கறாங்க, என் காட்சி ஒண்ணைத் தவிர. அதுல மட்டும் எந்தப் புண்ணியவானோ உக்காந்து, அத்தனை பேரு கண்ணையும் என் பக்கம் திருப்பி வெச்சிருக்கான்."